லூப்பில் வரையும் படங்களில் பழைய கோடுகள் ஏன் வருகின்றன?

கேள்வி: ஒரு சிஎஸ்வி கோப்பில் 60 நெடுவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைபடம் வரைந்து தனித்தனி பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க ஒரு ஃபார் லூப் எழுதினேன். முதல் படம் சரி. இரண்டாவதில் இரண்டு கோடுகள், மூன்றாவதில் மூன்று! படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக்குக்கு முன்னால், திரையில் காட்டும் பிஎல்டி.ஷோ போட்டால் வெள்ளைப் படம்தான் வருகிறது. என்ன செய்வது?

பதில்: பிஎல்டி என்பது மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் பகுதிக்கு வைக்கும் சுருக்கப் பெயர். பிஎல்டி.பிளாட் எப்போதும் அப்போது திறந்திருக்கும் படத்தில்தான் வரையும். நீங்கள் புதுப் படம் திறக்கவே இல்லை. அதனால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. வெள்ளைப் படத்துக்குக் காரணம் வேறு. ஷோ காட்டிய ஜன்னலை மூடியதும் அந்தப் படம் போய்விடும். பிறகு வரும் சேவ்ஃபிக் புதிதாக ஒரு வெற்றுப் படத்தைத் திறந்து அதைச் சேமிக்கிறது. கோப்பில் சேமிப்பது மட்டுமே வேலை என்றால் ஷோ தேவையே இல்லை.

லூப்பின் உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் இப்படி எழுதுங்கள்:

ஃபிக், ஏஎக்ஸ் = பிஎல்டி.சப்பிளாட்ஸ்(ஃபிக்சைஸ்=(8, 5))
ஏஎக்ஸ்.பிளாட்(தரவு)
ஃபிக்.சேவ்ஃபிக்(பெயர், டிபிஐ=150)
பிஎல்டி.குளோஸ்(ஃபிக்)

படம் 1200 x 750 பிக்சலில் வரும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பைபிளாட் திறந்த படங்கள், நாமே மூடும்வரை நினைவகத்தில் இருக்கும். 20-ஐத் தாண்டியதும் எச்சரிக்கை வரும். அந்த வரம்பை உயர்த்தினால் எச்சரிக்கைதான் நிற்கும், நினைவகம் நிரம்புவது நிற்காது.

திரை இல்லாத சர்வரில் ஓட்டுவதாக இருந்தால், பைபிளாட்டை இம்போர்ட் செய்யும் முன்பே மேட்பிளாட்லிப்.யூஸ்('ஆக்') என்று கொடுத்துவிடுங்கள். ஆக் என்பது ஜன்னல் திறக்காமல் கோப்பில் மட்டும் வரையும் முறை.

கோப்புப் பெயரிலும் கவனம் வேண்டும். நெடுவரிசையின் தலைப்பை அப்படியே பெயராக வைத்தால், அதில் உள்ள சாய்கோட்டை (/) பைத்தான் ஃபோல்டர் பிரிப்பாக எடுத்துக்கொள்ளும். சேவ்ஃபிக் ஃபோல்டரை உருவாக்காது என்பதால் பிழை வரும். இத்தகைய குறிகளை அடிக்கோடாக மாற்றுங்கள். வெளியீட்டு ஃபோல்டரை ஓஎஸ்.மேக்டிர்ஸ் கொண்டு முன்பே உருவாக்கிவிடுங்கள். பெயரின் முன்னால் 01, 02 என்று எண் சேர்ப்பது நல்லது. வெறும் 1, 2 என்றால் பல நிரல்கள் 10-ஐ 2-க்கு முன்னால் அடுக்கும்.

இந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடப் போகிறீர்களா? அப்படியானால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: ஒய் அச்சின் எல்லை ஒவ்வொரு படத்திலும் தானாக மாறும், சிறு ஏற்ற இறக்கமும் பெரிய மலைபோலத் தெரியும். நெடுவரிசைகள் ஒரே அலகில் இருந்தால், மொத்தத் தரவின் குறைந்த, அதிக மதிப்புகளை லூப்புக்கு வெளியே கணக்கிட்டு, எல்லாப் படங்களுக்கும் செட்_ஒய்லிம் வழியாக அதே எல்லையைக் கொடுங்கள்.