செல்ஃப் எடுக்கலையா? பழைய ஸ்கூட்டர் கேள்வி-பதில்

கே: அண்ணே, பழைய ஸ்கூட்டர், செல்ஃப் அமுக்குனா 'டிக்'னு ஒரு சத்தம் மட்டும் வருது. போன மாசம்தான் புது பேட்டரி போட்டேன். (திருமங்கலம்)

ப: டிக்குன்னு வந்தா ரிலே வரைக்கும், அதாவது பட்டனை அமுக்குனா மோட்டாருக்கு கரண்டைத் தெறந்து விடுற ஸ்விட்ச் பெட்டி வரைக்கும், கரண்ட் வருதுன்னு அர்த்தம் தம்பி, ஹேண்டில் பட்டனை நோண்ட வேணாம். வோல்ட் அளக்குற மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினல்ல வச்சுப் பாருங்க, சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், அமுக்குறப்ப 10-க்கும் கீழ விழுந்துச்சுன்னா புதுசோ பழசோ பெரும்பாலும் பேட்டரிதான். உடனே கடைக்கு ஓடாதீங்க, கிக்கர்ல ஸ்டார்ட் பண்ணி லேசா ரேஸ் குடுங்க, மீட்டர் 14 வோல்ட் பக்கம் ஏறலைன்னா சார்ஜே ஆகல, பேட்டரிக்குப் போற சார்ஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரைப் பாக்காம இன்னொரு பேட்டரி போட்டாலும் அதுக்கும் இதே கதிதான். அமுக்கியும் 12-லயே அசையாம நிக்குதா? அப்ப மோட்டாருக்கு கரண்ட் போகல. ரிலே காண்டாக்ட் கருகியிருக்கும், இல்ல மோட்டாருக்குள்ள கரண்டைக் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், ஆனா எனக்கு மொத சந்தேகம் எர்த் மேலதான், அதாவது பேட்டரி மைனஸ் ஒயர் வண்டி பாடியோட சேர்ற எடம். மைனஸ் ஒயர் போல்ட் போட்ட எடத்தைக் கழட்டுங்க, பச்சை பூத்துக் கெடக்கும், எமரி பேப்பர் போட்டு பளபளன்னு தேய்ச்சு இறுக்குங்க. காசு செலவில்லாத வேலை, அதனாலயே யாரும் செய்யறதில்ல!

கே: மழையில கர்டர் பாலத்துக்கு அடியில தேங்குன தண்ணிக்குள்ள விட்டு ஓட்டுனேன், அதுலருந்து செல்ஃப்ல சத்தமே இல்ல, ஹாரன் அடிக்குது.

ப: பிரேக்கைப் பிடிச்சா பின்னாடி லைட் எரியுதா? எரியலைன்னா லீவர்ல இருக்க பிரேக் ஸ்விட்ச்சுல தண்ணி ஏறிருக்கு, நெறைய ஸ்கூட்டர்ல அது வேலை செஞ்சாத்தான் செல்ஃப் எடுக்கும். காய விடுங்க. ஆனா ஏர் ஃபில்டர் வரைக்கும் தண்ணி ஏறியிருந்தா செல்ஃபும் வேணாம் கிக்கரும் வேணாம், தள்ளிட்டே மெக்கானிக்கிட்ட போயிருங்க, என்ஜினுக்குள்ள தண்ணி இழுத்துச்சுன்னா செலவு எங்கிட்டோ போயிரும்.

கே: மோட்டார் கிர்ர்ர்னு சுத்துது, என்ஜின் திரும்பல.

ப: மோட்டார் பல்லு என்ஜின் பல்லுல மாட்டல. ஸ்டார்ட்டர் பினியன்னு சொல்ற அந்தச் சின்ன பல்சக்கரம் தேஞ்சிருக்கும், பைக்கா இருந்தா மோட்டார் சுத்தை என்ஜினுக்குக் குடுக்குற ஒன்வே கிளட்ச். ரெண்டுமே கழட்டித்தான் பாக்கணும்.

கே: மெக்கானிக் ரிலேயில ஸ்க்ரூடிரைவர் வச்சு டக்குன்னு ஸ்டார்ட் பண்றாரு, நானும் அப்டிப் பண்ணலாமா?

ப: அவரு டெஸ்ட் பண்றாருப்பா. அப்டி வச்சா சுத்துது, பட்டன்ல டிக்குன்னு மட்டும் வருதுன்னா ரிலே காலி, மாத்திட்டுப் போகணும், அவ்ளோதான். தெனம் செய்யாதீங்க, பொறி பறக்கும், பழைய கார்புரேட்டர்ல பெட்ரோல் வேற ஒழுகும். ரிலே மாத்துற வரைக்கும் கிக்கரை மிதிங்க.