மழை எவ்வளவு என்பதைவிட எப்போது என்று பாருங்கள்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். காலநிலை மண்டலங்களையும் அவற்றின் தாவரங்களையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தாலும் இரண்டே நாளில் எல்லாம் குழம்பிவிடுகிறது. மாதவாரி வெப்பமும் மழையும் கொடுத்து "இது எந்த மண்டலம்?" என்று கேட்டால் சுத்தமாகத் தெரியவில்லை. எளிய வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். இந்த மண்டலங்களைப் பிரித்த விளாடிமிர் கோப்பென், 1900-இல் தன் பகுப்பை வெளியிட்டபோது தாவரங்களின் எல்லையைப் பார்த்துத்தான் கோடு போட்டார். அதனால் செடியையும் வானிலையையும் தனித்தனியாகப் படிப்பதே வீண் வேலை.

கேள்வியில் எண்களைப் பார்த்ததும் மழையின் கூட்டுத்தொகைக்கு ஓடாதீர்கள், எல்லோரும் வழுக்குவது அங்கேதான். ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாகப் பெய்தால் பாலைவனம் என்று எழுதிவிடுவோம். துருவத்தை ஒட்டிய மரமில்லாக் குளிர்நிலமான தூந்திரப் பகுதியிலும் பெரும்பாலும் அவ்வளவுதான் பெய்யும், ஆனால் அங்கே கோடையில் தரை சதசதவென்று இருக்கும், ஏனென்றால் குளிரில் நீர் ஆவியாவது குறைவு, அடியில் மண் நிரந்தரமாக உறைந்து கிடப்பதால் கீழே இறங்கவும் வழியில்லை. ஆகவே வெப்பம்தான் முதலில். மிகச் சூடான மாதமே 10 டிகிரியைத் தொடவில்லையா, மரம் வளராது, பாசியும் லைக்கனும் குட்டைச் செடிகளும்தான். மிகக் குளிர்ந்த மாதம்கூட 18 டிகிரிக்கு மேலா, வெப்பமண்டலம். அதிலும் எந்த மாதமும் 60 மி.மீ.க்குக் குறையவில்லை என்றால் பசுமைமாறா மழைக்காடு. நீண்ட வறண்ட காலம் இருந்தால் மரங்கள் விலகி விலகி நின்று நடுவில் புல் உயர்ந்துவிடும், அது சவானா.

சரி, உங்களைக் குழப்பும் மத்திய தரைக்கடலும் பருவக்காற்றும். மழை எந்தப் பருவத்தில் என்று பாருங்கள். ஜூலையில் 25 டிகிரி, மழை வெறும் 5 மி.மீ.; ஜனவரியில் 10 டிகிரி, மழை 80 மி.மீ. என்று கொடுத்தால் கோடை காய்கிறது, குளிர்காலம் நனைகிறது. அது மத்திய தரைக்கடல் வகை. பருவக்காற்று நாடுகளில் நேர் எதிர், வெயில் காலத்தை ஒட்டியே மழை கொட்டும். இப்போது இலையைப் பாருங்கள். தேக்கு, வறண்ட மாதங்களில் இலையைக் கொட்டி நீரைச் சேமிக்கிறது, மழை வந்ததும் தளிர்க்கிறது. ஆலிவ் மரத்துக்கு ஈரம் கிடைப்பதே மிதமான குளிர்காலத்தில், அப்போது இலை இல்லாவிட்டால் பிழைப்பு நடக்காது. அதனால் இலையை உதிர்க்காமல் அதையே சின்னதாக, தோல் போலத் தடிப்பாக வைத்துக்கொண்டு கோடையைத் தாங்குகிறது. இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடமே வேண்டாம். இந்த வகை மத்திய தரைக்கடலோடு நிற்பதில்லை. கலிபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப், ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு என்று பெரும்பாலும் கண்டங்களின் மேற்கு ஓரங்களில் இருக்கும்.

வடக்கே குளிர்நாடுகளின் ஊசியிலைக் காடான டைகாவில் மரங்கள் இலையை வைத்துக்கொள்வதற்குக் காரணம் நேரம். வளரும் காலம் சில மாதங்களே, புதிதாக இலை கட்டிக்கொண்டிருந்தால் கோடை முடிந்துவிடும். ஆனால் கிழக்கு சைபீரியாவின் லார்ச் மரம் ஊசியிலை இனமாக இருந்தும் குளிரில் உதிர்த்துவிடும், "ஊசியிலை எல்லாம் பசுமைமாறா" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். புல்வெளிகளுக்குப் பெயர் தெரிந்தால் போதும்: ஸ்டெப்பி, பிரெய்ரி, பாம்பாஸ், வெல்ட்.

அப்புறம், சிலியோ கேப்போ வந்தால் ஜனவரிதான் கோடை. எந்த அரைக்கோளம் என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே தொடங்குங்கள். படம் வரையச் சொன்னால் சகாராவின் இயற்கைத் தாவரமாகச் சப்பாத்திக்கள்ளியை வரைந்துவிடாதீர்கள். அது அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த இனம். ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் அதைப் போல முள்ளும் சதைப்பற்றுமாக நிற்பது, கிள்ளினால் பால் வடியும் சதுரக்கள்ளி வகை. தமிழில் இரண்டையும் கள்ளி என்றே சொல்லிவிடுவதால் நமக்குத்தான் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம்.