ஒருசந்தியும் எரிச்சலும்

கேள்வி: தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாள்கள்) முழுவதும் ஒருசந்தி நோன்பு இருக்கிறேன். பசியில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். பலன் உண்டா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தியைக் கட்டாயமாக்கியிருப்பது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய 2 நாள்களில்தான், அதுவும் 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு. ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற 2 வேளையும் கொஞ்சம். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. மீதி நாள்கள் உங்கள் விருப்பம்.

நோன்பிருந்து சண்டை போடுவதை விவிலியத்தில் எசாயா 58:4 நேரடியாகவே கண்டிக்கிறது. 58:7 பசித்தவரோடு உணவைப் பகிரச் சொல்கிறது. ஆகவே நாள்களைக் குறையுங்கள். மிச்சமான சாப்பாட்டுக் காசைப் பசித்தவருக்காக அன்றன்றே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். காப்பியைத் திடீரென நிறுத்தினாலும் தலைவலி, எரிச்சல் வரும். (காப்பியை யாரும் தடுக்கவில்லையே!) முதலில் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.