கட்டர் அலறுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: 12 மி.மீ. நாலு பல் எண்ட் மில்லை (சுழன்று வெட்டும் கட்டர்) கொண்டு எஃகில் பாக்கெட் (குழி) போடுகிறேன். 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) கீச்சென்று அலறுகிறது, சுவரில் சாய்வாக வரி வரியாக விழுகிறது. 2500க்கு இறக்கினேன், ஃபீடையும் (கட்டர் முன்னேறும் வேகம்) பாதியாக்கினேன், சத்தம் போகவில்லை. மெஷினில் கோளாறா?

பதில்: மெஷினை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இது சேட்டர், அதாவது வெட்டும்போது தானாக வளரும் அதிர்வு. ஒரு பல் வெட்டும்போது லேசாக அதிர்ந்தால் உலோகத்தின் மேல் சின்னதாக ஒரு அலை பதிந்துவிடும், அடுத்த பல் அந்த அலை மேல் ஏறி இறங்கித்தான் வெட்ட வேண்டும், சில்லு ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெல்லிசாகவும் வரும், விசையும் கூடவே ஏறி இறங்கும், கட்டர் இன்னும் அதிகமாக ஆடும். இப்படித் தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும் அதிர்வு இது. 1907லேயே அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் இதைப் பிடிபடாத சிக்கல் என்று எழுதி வைத்தார்.

ஃபீடைக் குறைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பெரும்பாலும் பயன் இருக்காது. சேட்டர் தொடங்குவதைத் தீர்மானிப்பது வெட்டும் ஆழமும் சுற்றுவேகமும்தான். ஃபீட் ரொம்பக் குறைந்தால் பல் வெட்டாமல் தேய்க்க ஆரம்பித்துவிடும்.

கைபேசியில் ஒலியின் அலைவெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, அலறும்போது பக்கத்தில் வையுங்கள். 3000 ஆர்பிஎம், நாலு பல் என்றால் விநாடிக்கு 200 முறை பல் மோதுகிறது. செயலியில் 900 ஹெர்ட்ஸ் உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200இன் மடங்காக இல்லை, அதனால் சேட்டர்தான். 900ஐ 60ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 13500. அதை 2, 3, 4, 5 என்று வகுத்துக்கொண்டே போனால் 6750, 4500, 3375, 2700. உங்கள் 3000க்கு மேலே அடுத்து இருப்பது 3375, கீழே 2700. முதலில் 3375ஐப் பார்ப்போம். அந்த வேகத்தில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே சரியாக நாலு அலை முடிந்துவிடும், புதிய அலை பழைய அலையோடு ஒட்டியே போகும், சில்லின் தடிமன் மாறாது. 3000இல் நாலரை அலை, அதாவது மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம், அதனால்தான் அந்த அலறல். 2500இலும் 5.4, அதுவும் பாதிக்குப் பக்கம்தான். ஆக, வேகத்தை இறக்குவது மட்டுமே வழியில்லை, ஏற்றியும் பார்க்க வேண்டும், பலருக்கு இதற்கு மனசே வராது.

அப்புறம் கட்டர் ஹோல்டரிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது? கட்டர் வளையும் அளவு, வெளியே நிற்கும் நீளத்தின் மூன்றாம் அடுக்கில் (நீளம் × நீளம் × நீளம்) ஏறும், 48 மி.மீ.யை 36 ஆக்கினாலே கிட்டத்தட்ட 2.4 மடங்கு விறைப்பு கிடைக்கும். வேறு எதற்கும் முன்னால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: வைஸுக்கு (வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் சாதனம்) அடியில் ரப்பர் ஷீட் போட்டால் அதிர்வை உறிஞ்சாதா?

பதில்: போடாதீர்கள். உறிஞ்சுவதைவிட அதிகமாக விறைப்பைக் கெடுக்கும், ஜாபும் (வெட்டப்படும் பொருள்) நகரும். ரப்பர் உதவுவது வேறு இடத்தில்: துளையின் உட்புறத்தைக் கடையும் நீளமான போரிங் பார்களில் உள்ளே குடைந்து, கனமான டங்ஸ்டன் கட்டி ஒன்றை ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டு, சுற்றிலும் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். பார் ஒரு பக்கம் போக, கட்டி பின்தங்கி எதிர்ப்பக்கம் இழுக்கும், அதிர்வின் சக்தி ரப்பரிலும் எண்ணெயிலும் சூடாகக் கரைந்துவிடும். மெஷின் படுக்கையை வார்ப்பிரும்பில் செய்வதற்கும் இது ஒரு காரணம், அதிலுள்ள கிராஃபைட் செதில்கள் எஃகைவிட நன்றாக அதிர்வைத் தணிக்கும்.

கேள்வி: பற்களின் இடைவெளி சமமாக இல்லாத கட்டர் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். ஒவ்வொரு பல்லும் வேறு வேறு இடைவெளியில் வருவதால் புதிய அலை பழைய அலையிலிருந்து ஒரே அளவு தள்ளி விழாது, அதிர்வு தொடர்ந்து வளர்வது கடினம். கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்குச் சரியான தீர்வு. சாணை பிடிக்கக் கொடுக்கும்போது மட்டும் சொல்லிக் கொடுங்கள், பழக்கதோஷத்தில் சமமாகப் பிரித்துத் தீட்டிவிட்டால் கொடுத்த காசு போச்சு.