அளவு குறைந்த பீஸும் வாய் திறக்காத மீட்டிங்கும்

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். ஃபைனல் செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்தால் கட்டிங் மாஸ்டர் டெய்லரைக் கை காட்டுகிறார், டெய்லர் கட்டிங்கைக் காட்டுகிறார், இருவரும் சேர்ந்து, ஆர்டர் தரும் பையரோடு பேசி வேலையை ஒருங்கிணைக்கும் மெர்ச்சண்டைசரைக் காட்டுகிறார்கள். எல்லோரையும் உட்காரவைத்து ஐடியா கேட்டால் இரண்டே பேர்தான் பேசுகிறார்கள். ஏதாவது முடிவெடுத்தாலும் அடுத்த வாரம் பழைய கதைதான். என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலை, அந்த மீட்டிங்கில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். “எனக்கென்னவோ கட்டிங்கில்தான் கோளாறு” என்று மேனேஜரே ஆரம்பித்துவிட்டால், வேறு காரணம் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கட்டிங் மாஸ்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீக்குப் போவார்கள்.

கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் இந்த முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். நிறையச் சொல்லுங்கள், யாரையும் மறுக்காதீர்கள், தரம் பிரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, நால்வர் சேர்ந்து பேசிச் சொன்னதைவிட, நால்வர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனைகள் வந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது இதற்கு முக்கியக் காரணம் என்று 1987இல் வந்த ஆய்வு சொன்னது. காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை மறந்துபோகும், அல்லது இதையா சொல்வது என்று தோன்றி அமுங்கிவிடும்.

அதனால் பேச்சுக்கு முன்னால் எழுத்து. ஆளுக்கு ஒரு தாள், மூன்று யோசனை, ஐந்து நிமிடம். அப்புறம் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, தன்னிடம் வந்ததைப் படித்து அதன் கீழே இன்னும் மூன்று எழுத வேண்டும். ஆறு பேர் ஆறு சுற்று எழுதினால் அரை மணி நேரத்தில் 108 யோசனைகள். ஜெர்மனியில் 1968இல் வந்த முறை இது. பாதிக்குமேல் குப்பைதான், பரவாயில்லை. உங்கள் யூனிட்டில் ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால், எழுதக் கூச்சப்படுபவர்கள் இருந்தால், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை முதல் நாளே அனுப்பித் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். லைனில் உட்கார்ந்து தைப்பவருக்குத் தெரிவது ஆபீஸ் அறைக்கு வந்து சேர்வதே அபூர்வம்.

ஆனால் எந்தக் கேள்விக்கு யோசிக்கச் சொல்கிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலான மீட்டிங்குகள் கவிழ்கின்றன. ‘டீம் ஒற்றுமையை எப்படி வளர்ப்பது’ என்று கேட்டால் உபதேசம்தான் பதிலாக வரும். ‘இந்த ஸ்டைலில் மீடியம் சைஸில் மட்டும் உடல் நீளம் ஏன் குறைகிறது’ என்று கேளுங்கள். கேட்பதற்கு முன் திரும்பி வந்த பீஸ்களை மேஜையில் பரப்பி, டேப் வைத்து எல்லோர் முன்னாலும் அளந்து காட்டுங்கள். பீஸ் கண்ணெதிரே கிடக்கும்போது ஆள் மேல் பாயும் வேகம் குறைந்துவிடும்.

அப்புறம் டொயோட்டாக்காரர்கள் செய்வதுபோல ஏன், ஏன் என்று பின்னால் போங்கள். நீளம் ஏன் குறைந்தது? வெட்டிய பிறகு துணி சுருங்கிவிட்டது. ஏன்? ரோலைப் பிரித்து ஆறவிடாமல் உடனே லேயர் போட்டு வெட்டினார்கள். பின்னலாடைத் துணியை, அதுவும் லைக்ரா கலந்ததை, பிரித்துப் போட்டு ஒரு நாளாவது விட வேண்டும் என்பது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் விடவில்லை? சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்தது, ஷிப்மெண்ட் தேதி மாறவில்லை. ஏன் தாமதம்? கலர் சாம்பிளுக்கு பையரிடமிருந்து ஓகே வர நாளாகிவிட்டது. பாருங்கள், திட்டு வாங்கியவர் டெய்லர், கோளாறு கிடந்ததோ நாலு கட்டம் தள்ளி. இங்கே எந்த டெய்லரை மாற்றினாலும் நீளம் கூடப்போவதில்லை.

சரி, யோசனைகள் கைக்கு வந்தாயிற்று. ஆளுக்கு மூன்று ஓட்டு என்று சீட்டில் வாங்கி, முன்னால் நிற்பவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லைனில், ஒரே ஸ்டைலில், இரண்டு வாரம். ‘துணி பிரித்த நேரத்தைச் சாக்பீஸால் ரேக்கில் எழுத வேண்டும், நேரம் எழுதாத துணியில் கத்தி வைக்கக் கூடாது’ என்பது போலச் செய்தார்களா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிகிற முடிவாக இருக்கட்டும். ‘இனி கவனமாக இருப்போம்’ என்பதெல்லாம் முடிவில் சேர்த்தியில்லை. யார் பொறுப்பு, எந்தத் தேதியில் திரும்ப அளக்கப் போகிறோம் என்பதைப் போர்டில் எழுதிவையுங்கள். அடுத்த மீட்டிங் அந்த அளவிலிருந்து தொடங்கட்டும். முடிவுகள் ஒரு வாரத்தில் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒன்று மட்டும் எந்த மீட்டிங்கிலும் தீராது. உங்கள் டெய்லர்கள் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில் இருந்து, திரும்பி வந்த பீஸைச் சரிசெய்யும் ஆல்ட்டர் வேலைக்குக் கூலி கிடையாது என்றால், ‘என் தையலில்தான் பிசகு’ என்று சொல்பவர் தன் சம்பளத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார். பழி அடுத்த டேபிளுக்குப் போவதில் ஆச்சரியமே இல்லை. துணியாலோ கட்டிங்காலோ வந்த ஆல்ட்டருக்குத் தனிக் கூலி என்று முதலாளியிடம் பேசி வாங்க முடியுமா பாருங்கள். அதை மீட்டிங்குக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.