டீசல் காருக்குள் பெட்ரோல் நாசில் நுழைவது எப்படி?

கேள்வி: என் மைத்துனரின் டீசல் காரில் பங்க் ஊழியர் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டார். நாங்கள் கவனிப்பதற்குள் 12 லிட்டர் இறங்கியிருந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கவே, ஸ்டார்ட் செய்து ஓரமாக நிறுத்தினோம். பெட்ரோல் காரில் டீசல் நாசில் (பம்புக் குழாயின் முனை) நுழையவே நுழையாது என்கிறார்களே, பெட்ரோல் நாசில் மட்டும் டீசல் காருக்குள் எப்படிப் போயிற்று? காருக்குப் பெரிய சேதம் வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் காரைப் பார்ப்போம். டீசல் வெறும் எரிபொருள் மட்டுமன்று. காமன் ரெயில் இன்ஜினின் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் இக்கால இன்ஜின்) உயர் அழுத்தப் பம்புக்கு அதுவே மசகு எண்ணெயும் ஆகும். ஆயிரம் பாருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது டீசலின் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். பெட்ரோல் கலந்ததும் அந்தப் படலம் கரைந்து, பம்பு தேயத் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய்விடுகின்றன. ஆகவே ஸ்டார்ட் செய்ததை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டேங்கை முழுவதும் வடித்து, குழாய்களைக் கழுவி, டீசல் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சொல்வதும் நல்லது. உள்ளே மினுமினுப்பான தூள் இல்லை என்றால், ஓரமாக நிறுத்தும் அளவுக்கே ஓடிய கார் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பாமல், நியூட்ரலில் போட்டு நாலு பேராகத் தள்ளியிருந்தால் இந்தக் கவலையே இருந்திருக்காது. பல கார்களில் சாவியை ஆன் செய்தாலே டேங்குக்குள் இருக்கும் பம்பு ஓடத் தொடங்கிவிடும். ‘கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் ஒன்றும் ஆகாது’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது முழுப் பொய்யன்று. பனி கொட்டும் நாடுகளில், குளிர்காலத்தில் ஓரளவு பெட்ரோல் சேர்க்கலாம் என்று பழைய டீசல் கார்களின் கையேடுகளே அனுமதித்தன. ஆனால் அந்த இன்ஜின்கள் வேறு, உங்கள் மைத்துனரின் இன்ஜின் வேறு.

இனி நாசிலுக்கு வருவோம். பெட்ரோல் நாசில் மெலிந்தும் டீசல் நாசில் பருத்தும் இருக்கும் இந்த வேறுபாடு டீசல் காரை மனத்தில் வைத்து உண்டானதே அன்று. 1970களில் அமெரிக்காவில் கார்களின் புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்தத் தொடங்கியபோது, ஈயம் கலந்த பெட்ரோல் அதை நாசமாக்கிவிடும் என்பதால், ஈயமில்லாப் பெட்ரோலின் நாசில் 21.3 மி.மீட்டருக்கு மிகாமலும், ஈயப் பெட்ரோலின் நாசில் 23.6 மி.மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று விதித்து, புதிய கார்களின் டேங்க் வாயைக் குறுகலாக்கினார்கள். ஈயப் பெட்ரோல் ஒழிந்த பிறகும் அந்தக் குறுகிய வாய் நின்றுவிட்டது. லாரிகளுக்கு வேகமாக நிரப்ப வேண்டியிருப்பதால் டீசல் நாசில் பருமனாகவே, சுமார் 24, 25 மி.மீட்டரில் இருக்கிறது. அதனால் டீசல் நாசில் பெட்ரோல் காரின் வாயில் முட்டி நிற்கிறது. மெல்லிய பெட்ரோல் நாசிலோ டீசல் காரின் அகன்ற வாய்க்குள் தடையின்றி இறங்கிவிடுகிறது. பெட்ரோல் காரில் டீசல் போனால் புகை கக்கி, திணறி நின்றுவிடும், பெரும்பாலும் கழுவிச் சரிசெய்துவிடலாம். செலவு பிடிக்கும் தவறு எதுவோ அதற்குத்தான் கதவு திறந்து கிடக்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும். மேலும், சொன்ன இந்த அளவுகளை நம்பி எந்தப் பங்க்கிலும் அசட்டையாக இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: பெட்ரோல் நாசில் நுழையாதபடி டீசல் காரிலேயே தடுப்பு ஏதும் வைக்க முடியாதா?
– வாசகி, கோவை

பதில்: வைத்திருக்கிறார்கள். ஃபோர்டு, பிஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் சில டீசல் கார்களின் டேங்க் வாயில், எதிரெதிராக இரண்டு சிறு தாழ்ப்பாள்களைப் பொருத்தின. பருமனான டீசல் நாசில் இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் உள்மூடி திறக்கும். மெல்லிய பெட்ரோல் நாசிலை ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஒரு தாழ்ப்பாள் மட்டும் விலகும், மற்றது பிடித்துக்கொள்ளும். எளிமையான யோசனைதான், ஆனால் நடுவழியில் டீசல் தீர்ந்து கேனிலிருந்து ஊற்ற நேர்ந்தால் சாதாரணப் புனல் உதவாது. ஃபோர்டு காரோடு அதற்கென்றே ஒரு புனலைக் கொடுத்தது. உங்கள் காரில் இது இருக்கிறதா என்று அறிய, மூடியைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள்.

கேள்வி: புதிய டீசல் காரில் நீல மூடி போட்ட இன்னொரு வாய் இருக்கிறதே, அதிலும் இப்படித் தவறு நேருமா?
– வாசகர், மதுரை

பதில்: அது யூரியாக் கரைசலுக்கானது, 32.5 சதவீதம் யூரியா, மீதி தூய நீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது அதன் வேலை. இதற்கான நாசில் 19 மி.மீட்டர்தான் என்பதால், டீசல் நாசில் அந்த வாயில் நுழையாது. யூரியா டீசல் டேங்குக்குள் போவதுதான் ஆபத்து, ஏனெனில் உப்பைப் போலப் படிகமாக உறைந்து குழாய்களை அடைத்துவிடும். லாரிகளுக்கான யூரியா நாசிலில் இதற்கு அழகான ஏற்பாடு உண்டு: யூரியா டேங்கின் கழுத்தில் ஒரு காந்த வளையம் இருக்கும், அதன் ஈர்ப்பு கிடைத்தால்தான் நாசில் திறக்கும். காந்தமில்லாத டீசல் டேங்கில் செருகி எவ்வளவு அழுத்தினாலும் ஒரு சொட்டும் வராது. கேனிலிருந்து கையால் ஊற்றுபவருக்கு மட்டும் இந்தக் காவல் கிடையாது.

கேள்வி: நாசிலின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா?
– வாசகி, சேலம்

பதில்: நிறத்தை நம்ப வேண்டாம். பிரிட்டனில் பச்சைக் கைப்பிடி என்றால் பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல். அமெரிக்காவில் பல இடங்களில் பச்சைதான் டீசல். ஐரோப்பிய ஒன்றியமோ 2018 அக்டோபரில் வடிவ முத்திரைகளைக் கொண்டுவந்தது: பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம், வாயுவுக்குச் சாய்சதுரம். அதே முத்திரையைப் பம்பிலும் புதிய காரின் டேங்க் மூடியருகிலும் ஒட்டச் செய்தார்கள். நம் ஊரில், மூடியைத் திறக்கும் முன்பே இறங்கி நின்று ‘டீசல்’ என்று வாய்விட்டுச் சொல்லி, மீட்டரில் வரும் பெயரையும் பார்த்துவிடுங்கள்.