வைக்கோல் போரில் வந்த பாம்பு: நீங்கள் சொல்வது சாரை

ஆறடி நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, காலை பதினோரு மணிக்கு வைக்கோல் போர் பக்கம் வேகமாக ஓடியது, நாய் குரைத்ததும் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமியது என்று எழுதியிருக்கிறீர்கள். புகைப்படம் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எல்லாம் சாரைப்பாம்புக்குத்தான் பொருந்துகிறது. விஷம் கிடையாது.

அடுத்த முறை தூரத்தில் நின்று முகத்தைப் பாருங்கள். பெரிய உருண்டைக் கண், உதட்டில் செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள், உடம்பின் பின்பாதியில் வால் வரை கறுப்புப் பட்டைகள் இருந்தால் சாரை. நல்லபாம்பு கழுத்தைத் தட்டையாகப் படமாக விரிக்கும்; சாரை பக்கவாட்டில் ஒடுக்கி, மேலும் கீழுமாக உப்பும். அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், அதனாலேயே பாவம் நிறைய சாரைகள் அடிபட்டுச் சாகின்றன.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 'சாரை ஆண், நாகம் பெண், ஜோடி பின்னாலேயே வரும்' கதை எங்கள் ஊரிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு இனம், சேரவே சேராது, போதாததற்கு நல்லபாம்பு சாரையையே பிடித்துத் தின்னும். பின்னிக்கொண்டு எழும்பி ஆடுவதும் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் சண்டைதான்.

அடிக்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. பிடிக்கவும் போகாதீர்கள், மூலையில் மடக்கினால் நன்றாகவே கடிக்கும். அது எலிக்கும் தவளைக்கும்தான் வருகிறது, அதனால் போரடியில் சிந்திய நெல்லைக் கூட்டி, எலி வளைகளை அடைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள்.